சூரியனுக்கு முத்திரை இல்லை

எங்கள் அலுவலகத்தில் எதுவும் தவறாக இருக்க முடியாது. முத்திரை காலாவதியாகியிருக்கலாம், அதற்குமேல் ஒன்றும் நேராது. எடை அளவுத் துறை என்றால் அப்படித்தான். ஊரிலுள்ள தராசு, படிக்கல், லிட்டர் குவளை, துணிக்கடை மீட்டர் கோல் எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை எங்களிடம் வந்து ஈய முத்திரை குத்திக்கொண்டு போகும். குத்தியபின் அந்தக் கருவி சொல்வதுதான் எடை. அடுத்த வருஷம்வரை அதை யாரும் திறக்கக் கூடாது, திருகக் கூடாது. துடைப்பதாக இருந்தாலும் வெளிப்பக்கம் மட்டும்.

நான் அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்பவள். காலை ஏழு மணி ஷிஃப்ட். மூன்று மணிக்கு வருகைக் கருவியில் விரல் வைத்துவிட்டு வெளியே வந்தால், இருபது நிமிட நடையில் மகளின் பள்ளி. மூன்றரைக்கு மணி அடிக்கும். என் கணவருக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் மதிய ஷிஃப்ட் என்பதால், காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது அவர், கூட்டிவருவது நான். இந்த ஏற்பாட்டில் பத்து நிமிடம்தான் மிச்சம். அந்தப் பத்து நிமிடத்தை நம்பித்தான் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

புது டைரக்டர் பொறுப்பேற்ற முதல் வாரம் அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். சர்வர் அறை வாசலில் நின்றார்.

"இதுக்கு முத்திரை எங்க?"

"இது கம்ப்யூட்டர் சார். எடை போடாது."

"சான்றிதழ்ல தேதி போடுதுல்ல? நாள எண்ணுதுல்ல? எண்ணுறது எல்லாம் அளவைதான்மா."

மறுநாள் முத்திரைக்காரர் குறடும் ஈயக் குண்டுகளுமாக வந்து சேர்ந்தார். முப்பது வருஷமாக முத்திரை குத்துபவர். கையில் இருந்த ஃபைலைப் பார்த்தார், அறையில் இருந்த ஒரே ஒரு பெட்டியைப் பார்த்தார்.

"ஃபைல்ல அஞ்சு சர்வர்னு போட்டிருக்கு. மிச்சம் நாலு எங்க?"

"அஞ்சும் இதுக்குள்ளதான் இருக்கு. ஒரே வீட்டுல அஞ்சு குடித்தனம் மாதிரி. ஒண்ணு வருகைப் பதிவு பாக்கும், ஒண்ணு சான்றிதழ் அடிக்கும், ஒண்ணு கடிதம், ஒண்ணு முன்பதிவு."

"அஞ்சாவது?"

"அது என்ன பண்ணுதுன்னு யாருக்கும் தெரியாது. நிறுத்தவும் பயம்."

"எல்லாக் குடும்பத்துலயும் அப்படி ஒரு ஆள் இருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். "சரி, வரிசையா வெளிய வரச் சொல்லுங்க. ஆளப் பாக்காம முத்திரை குத்துனா என் வேலை போயிடும்."

திரையில் ஐந்து கறுப்புச் சதுரங்களைத் திறந்து காட்டினேன். பெண் பார்க்க வந்தவர்போல ஒவ்வொன்றையும் பார்த்துத் தலையாட்டினார். பிறகு பெட்டியின் கைப்பிடியில் கம்பி கோத்து ஐந்து ஈய முத்திரைகளைத் தொங்கவிட்டார். மின்விசிறிக் காற்றில் அவை கொலுசுபோல மெல்ல ஒலித்தன. எனக்கு அந்தச் சத்தம் பிடித்துக்கூட இருந்தது. சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனேன். எதற்குச் சிரிக்கலாம், எதற்குக் கூடாது என்று எனக்கு எப்போதுமே தாமதமாகத்தான் தெரியும்.

ஒரு வாரம் கழித்து மகள் கேட்டாள். "அம்மா, நீ ஏன் இப்ப மூச்சு வாங்கிட்டே வர்ற?"

நான் மெதுவாக நடக்க ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். வயதாகிறது என்று நினைத்தேன். காலணியை மாற்றினேன். குறுக்குச் சந்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். பத்தாம் நாள் பள்ளி வாசலை அடைந்தபோது மூன்று நாற்பது. மற்ற அம்மாக்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். எதிலாவது தாமதம் நேர்ந்தால் முதலில் என் உடம்பின்மேல்தான் சந்தேகப்படுவேன். அப்படி வளர்ந்துவிட்டேன். கடிகாரத்தின்மேல் சந்தேகப்பட இன்னும் ஒரு நாள் ஆயிற்று.

வருகைப் பதிவு சர்வரின் கடிகாரம் நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கிக்கொண்டிருந்தது.

இது புதுச் சமாசாரம் இல்லை. பெட்டிக்குள் குடியிருக்கும் சர்வருக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. வீட்டுக்காரரான பெட்டி அடிக்கும் மணியை எண்ணித்தான் நேரம் தெரிந்துகொள்ளும். எங்கள் சர்வரில் ஓடிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஒரு பிழை. பக்கத்துக் குடித்தனம் சத்தம் போட்டால் இது எண்ணிக்கையைத் தவறவிடும். முன்பெல்லாம் இரவுதோறும் வெளியிலிருந்து சரியான நேரத்தை வாங்கித் தன்னைத் திருத்திக்கொள்ளும்; முத்திரைக்குப் பின் அதற்கும் தடை. பிழையைத் திருத்தும் அப்டேட் வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. போட நான்கு நிமிடம் போதும். அதற்குள் முத்திரை விழுந்துவிட்டது.

சட்ட அலுவலரிடம் போனேன். அவரை எல்லோரும் வக்கீல் சார் என்போம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பேசுவார். எதிரே இருப்பவர் முகம் தெரியாவிட்டால் சட்டம் நன்றாக வரும்போல.

"அப்டேட்னா உள்ள மாத்துறது. முத்திரை போட்டத உள்ள மாத்துனா ரெண்டு வருஷம் ஜெயில்."

"கடிகாரத்த மட்டும் திருப்பி வைக்கிறேன் சார்."

"தராசுத் தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டுறவனும் இதத்தான் சொல்றான். 'கொஞ்சம் திருப்பி வச்சேன் சார்'னு."

"ஆனா நேரம் தப்பா இருக்கே சார்?"

"எவ்வளவு தப்பு?"

"நாளுக்கு ரெண்டு நிமிஷம்."

காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டார். "ஒரு நாளுக்கு ஆயிரத்து நானூத்து நாப்பது நிமிஷம். அதுல ரெண்டு. காய்கறித் தராசுக்கே நூத்துக்கு அரை பங்கு தவறு அனுமதி உண்டு. அந்தக் கணக்குல உங்களுக்கு ஏழு நிமிஷம் வருது. நீங்க ரெண்டுக்கே அழறீங்க."

"இன்னிக்கு ரெண்டு, நாளைக்கு நாலு, அப்பறம் ஆறுன்னு சேருமே சார்."

"நேத்து வித்த தக்காளியையும் இன்னிக்கு வித்த தக்காளியையும் சேத்தா எடை போடுவோம்?"

வெளியே வந்து வராந்தாவில் நின்று யோசித்தேன். அவர் சொன்னதில் எங்கே ஓட்டை என்று அன்று முழுவதும் தேடினேன். தேடி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு நிமிடம் போய்விட்டது.

ஒரு மாதத்தில் அலுவலகம் ஊரைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருந்தது. சீக்கிரம் கிளம்பலாம் என்றால் அரை நாள் விடுப்பு வெட்டுவார்கள்; இருந்த விடுப்பையெல்லாம் தின்று முடித்திருந்தேன். மற்றவர்களுக்கு இதில் குறை எதுவும் இல்லை. "ஒரு மணி நேரம் கூடுதலா தூக்கம். யார் குடுப்பா இந்தக் காலத்துல?" என்றார் முத்திரைக்காரர். பத்து மணிக்கு வந்த வியாபாரிகள், மூடியிருந்த கவுன்டர் முன்னால் தராசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்றைக் காட்டி யாரோ சத்தம் போட, டைரக்டர் உடனே நடவடிக்கை எடுத்தார். சுவர்க் கடிகாரங்கள் எல்லாம் சரிபார்க்கப்படாத கருவிகள் என்று இறக்கப்பட்டன. கண்காணிப்பாளர் மேடம் ஒரு பிளாஸ்டிக் கூடையுடன் மேசை மேசையாக வந்து கைக்கடிகாரங்களை வாங்கிப் போட்டார். நல்ல மனுஷி, ஒவ்வொருவருக்கும் ரசீது எழுதிக் கொடுத்தார்.

"மேடம், உச்சி வெயில் சாய்ஞ்சிடுச்சு. நம்ம சர்வர்ல இன்னும் மதியச் சாப்பாட்டு நேரமே வரல" என்றேன்.

"என்னம்மா செய்யறது. சூரியனுக்கு நம்ம முத்திரை இல்லியே" என்றார். கேலியாகச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

மகள் இப்போது பள்ளி வாட்ச்மேன் அண்ணனின் அறையில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு மேல் கேட் பூட்டு. அவர் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருப்பார். ஒரு நாள் அவள் அவருடைய விசிலை ஊதி ஒரு லாரியைப் பின்னால் எடுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா கத்துக்கிட்டா, அக்கா" என்றார் பெருமையாக. "வளைவு ஒண்ணுதான் பாக்கி."

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள். "நீ வருவேன்னு எனக்குத் தெரியும். ஆனா எப்பன்னுதான் தெரியல. அது பொய்யா?"

"எது?"

"மூணரைக்கு வருவேன்னு நீ சொல்றது."

ஆறு வயதுப் பிள்ளைக்கு முத்திரையைப் பற்றி எப்படி விளக்குவது? 'அம்மா பொய் சொல்லல, அம்மாவோட ஆஃபீஸ்ல இன்னும் மூணரை ஆகல' என்று சொல்லிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை வக்கீல் சார் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் மாத முடிவில் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "வாட்ச்மேன் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகணும். நானும் போகணும். இன்னும் அஞ்சு வாரம் பாப்பேன். அதுக்குள்ள சரியா வரலன்னா வேற பள்ளிக்கூடம் பாத்துக்குங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குப் பேசியிருக்கலாம்.

அன்று டைரக்டருக்கு எட்டாவது கடிதத்தை எழுதினேன். முன்னதாக எழுதிய ஏழிலும் 'பிழை' என்று எழுதியிருந்தேன், அதனால்தான் பதிலில்லை. எங்கள் துறையில் பிழை கிடையாது. இம்முறை 'முத்திரையிட்ட கருவிக்குப் பதிலாக வேறு கருவி முத்திரையிடக் கோருதல்' என்று எழுதினேன். இருபது நிமிடத்தில் குழு அமைந்துவிட்டது. டைரக்டர், வக்கீல் சார், மேடம்.

குழுவின் விதி, குறைந்தது நான்கு கருவிகளை ஒப்பிட வேண்டும். லினக்ஸ் என்பது எஞ்சின்தான். அதன்மேல் உடம்பு கட்டி, சீட் பொருத்தி, பெயரெழுதி விடுகிறவர்கள் பலர். அப்படி விடும் ஒவ்வொரு வண்டிக்கும் டிஸ்ட்ரோ என்று பெயர். மூன்று நல்ல டிஸ்ட்ரோ என் கையில் இருந்தது. நான்காவது வரிசையை நிரப்ப ஒன்று வேண்டும். எதைத் தேர்ந்தெடுக்கவே கூடாதோ அதை ஓர் எச்சரிக்கையாகப் போட்டுவைத்தேன். செய்தவர்களே ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கைவிட்டுப் போன ஒரு டிஸ்ட்ரோ. எப்படி இருக்கக் கூடாது என்று காட்ட உதவும் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

கூட்டம் தொடங்கியதும் முத்திரைக்காரர் ஒரு தராசைக் கொண்டுவந்து வைத்தார். ஒப்பீடு என்றால் எங்கள் துறையில் வேறென்ன? டிஸ்ட்ரோக்கள் நான்கையும் தனித்தனிப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். நான்கும் ஏழு கிராம்.

"வித்தியாசமே இல்லியே" என்றார் டைரக்டர், ஏமாற்றத்துடன்.

"உள்ள வித்தியாசம் இருக்கு சார்."

"உள்ள நிறைய இருந்தா கனம் கூடணும்ல?"

அடுத்து விண்ணப்பப் படிவம். தராசுக்கான அதே படிவம்தான். 'தட்டுகள் எத்தனை?' இல்லை என்று எழுதினேன். 'முள் நடுவில் நிற்கிறதா?' நிற்கிறது என்று எழுதினேன். இல்லை என்று எழுதினால் கூட்டம் அங்கேயே முடிந்துவிடும். 'மழையில் நனையுமா?' என்ற கேள்விக்கு மேடமே என்னை முந்திக்கொண்டு, "பையில வச்சுக்கலாம்" என்றார்.

டிஸ்ட்ரோக்களின் பெயர்கள் இருமல் மருந்துபோல இருக்கின்றன என்று சொல்லி மேடம் அவற்றுக்கு வேறு பெயர் வைத்தார். தினமும் புதுப்பித்துக்கொள்வதற்குத் தினசரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பதிப்பு வருவதற்கு அரையாண்டு. ஐந்து வருஷம் பராமரிப்பு உள்ளதற்கு ஐந்தாண்டு. கைவிடப்பட்டதற்கு அவர் கொஞ்ச நேரம் யோசித்து, நிம்மதி என்று வைத்தார்.

"தினசரி வேண்டாம்" என்றார் வக்கீல் சார். "இன்னிக்கு இருக்குற மாதிரி நாளைக்கு இருக்காதுன்னு அதுவே ஒத்துக்குது. இதுக்கு மேல சாட்சி எதுக்கு?"

"அரையாண்டு?"

"வருஷத்துக்கு ரெண்டு முத்திரை. என் கை என்னத்துக்கு ஆகும்?" என்றார் முத்திரைக்காரர் வாசலிலிருந்து.

நான் ஐந்தாண்டைப் பிடித்துக்கொண்டேன். "சார், நமக்கு ஏத்தது இதுதான். அஞ்சு வருஷத்துக்குப் பெருசா மாறாது. பிழை ஏதாவது கண்டுபிடிச்சா மட்டும் திருத்தி அனுப்புவாங்க."

"கண்டுபிடிப்பாங்களா?" டைரக்டர் முகம் சுருங்கியது. "அப்ப இருக்குன்னு தெரிஞ்சேதான் குடுக்கறாங்களா?"

"எல்லாத்துலயும் இருக்கும் சார். இவங்க நேர்மையா பட்டியல் போட்டு வெளியிடறாங்க. போன வருஷம் முந்நூத்துப் பன்னெண்டு திருத்தினாங்க."

முந்நூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணை மேடம் குறிப்பேட்டில் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார். நான் சொன்னது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அந்த இரண்டாவது கோட்டில்தான் புரிந்தது.

"நிம்மதில எத்தனை?" என்று கேட்டார் டைரக்டர்.

"அதுல... கணக்கு இல்ல சார்."

"இல்லன்னா?"

"ஒன்பது வருஷமா யாரும் எதுவும் பதிவு பண்ணல. அங்க ஆளே இல்ல சார். புகார் எழுதுனா வாங்கிக்கக்கூட யாரும் இல்ல."

"ஒன்பது வருஷமா ஒரு புகார்கூட இல்ல" என்று டைரக்டர் மெல்லத் திருப்பிச் சொன்னார். நாற்காலியிலிருந்து எழுந்தார். நிம்மதி இருந்த பென் டிரைவை இரண்டு கையாலும் எடுத்தார். "நான் இந்தத் துறைக்கு வந்து இருபத்தாறு வருஷம். ஒரு கருவிய இப்படிப் பாத்ததில்லம்மா. மாறாது. யாரையும் கூப்பிடாது. தன்னப் பத்தித் தானே குறை சொல்லாது. யார் குறை சொன்னாலும் காதுல வாங்காது. நம்ம எல்லாரும் இப்படி இருக்கணும்னுதானே நான் தினமும் சொல்றேன்?"

மேடம் கைதட்டினார். நான் எச்சரிக்கையாக வைத்தது ஏகமனதாகத் தேர்வாயிற்று.

நிம்மதியை நிறுவும்போது கடைசியாக ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். புதிதாக நிறுவும்போது கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்துவிடலாமே! வக்கீல் சார் சர்வர் அறைக்கே வந்து நின்றார். "பொறுப்பு ஒப்படைக்கறவர் வச்சிருக்கறததான் பொறுப்பு ஏத்துக்கறவர் வாங்கணும். நம்மகிட்ட முத்திரையோட இருக்கற ஒரே நேரம் பழைய சர்வர் நேரம்தான்." ஆக, ஊரைவிட இரண்டு மணி இருபது நிமிடம் பின்தங்கிய நேரத்தைப் புது சர்வர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது. ஐந்து புது முத்திரைகள் தொங்கின. தலைமையாசிரியை கொடுத்த கெடுவில் நான்கு வாரம்தான் மிச்சம். அன்று இரவு கணவரிடம், வேறு பள்ளிக்கு விண்ணப்பம் வாங்கி வரச் சொன்னேன்.

"நீ வேலைய விட்டா என்ன?" என்றார் அவர்.

"விடணும்னா மூணு மாசம் முன்னாடி சொல்லணுமாம். அந்த மூணு மாசத்த எந்தக் கடிகாரத்துல எண்ணுவாங்கன்னு நெனச்சீங்க?"

நான்காம் நாள்தான் கவனித்தேன். பள்ளி வாசலை வழக்கமான ஐந்து நாற்பதுக்குப் பதிலாக ஐந்து இருபதுக்கே அடைந்துவிட்டேன். ஓடவில்லை. சந்து வழியாகவும் வரவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முந்தைய நிம்மதிக்கு இன்றைய இயந்திரத்தின் வேகம் தெரியாது. இயந்திரம் அடிக்கும் மணிகளைத் தன் காலத்துக் கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தது. நாளுக்கு ஐந்து நிமிடம் முந்திக்கொண்டிருந்தது.

மறுநாள் ஒன்பதாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். 'ஐயா' என்று எழுதினேன். பிறகு ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். நிறுவியதிலிருந்து இருபத்தெட்டாம் நாள் எங்கள் மூன்று மணி, ஊரின் மூன்று மணியாகவே இருக்கும். தாளை மடித்து மேசைக்குள் வைத்தேன். வேலை அதிகம், நாளைக்கு எழுதலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் சொன்னதை நானே நம்பியது இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

இருபத்தெட்டாம் நாள் பள்ளி மணி அடிக்கும்போது நான் வாசலில் நின்றேன். தலைமையாசிரியை ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையசைத்தார். அலுவலகமும் ஊரும் சூரியனும் ஒரே நேரத்தைச் சொன்ன அந்த ஒரு நாளை, எங்கள் அலுவலகத்தில் யாரும் கவனிக்கவே இல்லை.

நாற்பதாம் நாள் எங்கள் மூன்று மணி, ஊரின் இரண்டு மணி. காலை ஏழு, ஊரின் ஆறு. "இப்பல்லாம் கண்ணெல்லாம் எரியுது" என்று முத்திரைக்காரர் கொட்டாவி விட்டார். அன்று மதியம் குழு மறுபடி கூடியது. வியாபாரி ஒருவர் எழுதியிருந்தார்: கவுன்டரை ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடிவிடுகிறீர்கள், உங்கள் கடிகாரம் தவறு.

டைரக்டர் அந்தக் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். அவர் முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் கலக்கம் தெரிந்தது. "நீங்கதாம்மா தொழில்நுட்பம் தெரிஞ்சவங்க. நீங்க சொன்னா திறந்து பாத்துடலாம். தப்பு இருக்கா, இல்லையா?"

மூன்று மாதமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எட்டுக் கடிதத்தில் நான் கேட்டுக்கொண்டதும் இந்த ஒரு வாய்ப்பைத்தான். பதில் நாக்கு நுனியில் இருந்தது. தராசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த வியாபாரியின் முகமும் தெரிந்தது. இன்னும் எழுபத்திரண்டு நாளில் காலை ஏழு மணி, ஊரின் நடுராத்திரியில் வரும் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்தது. எதிர்ச்சுவரில், கடிகாரத்தைக் கழற்றிய இடத்தில் வெளுத்த வட்டம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர் எந்தக் கடிகாரத்தப் பாத்து எழுதினாராம் சார்?" என்று கேட்டேன்.

மூவர் முகமும் ஒருசேர மலர்ந்தது. வக்கீல் சார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். மேடம் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "இப்பதாம்மா நீங்க நம்ம ஆளு" என்றார் டைரக்டர். அடுத்த கணம் சர்வரில் மூன்று மணி ஆகிவிட்டது.

விரல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நல்ல வெயில். நிதானமாக, கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தேன். பள்ளி வாசலில் மதில் நிழலில் ஒரு மணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் அண்ணன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் குனிந்து, "அக்கா, உங்க ஆஃபீஸ்ல ஆள் எடுக்கறாங்களா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

மணி அடித்ததும் மகள் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது இப்போது அவளுக்குத்தான்.

"இன்னிக்கும் நீதான் ஃபர்ஸ்ட்டா?"

"ஆமா" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.